முன்வார்ப்புக் காங்கிரீட் தளமும் சுமைதாங்கு சுவரும்: திருச்சுழிக் கரிசல் நிலத்தின் தாழ்மாடிக் குடியிருப்புகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் மழை குறைந்த கரிசல் நிலமாகும். தரைமட்டத்தோடு இரண்டு மாடிகள் கொண்ட குடியிருப்புகளை இங்குச் சுமைதாங்கு சுவர்களின்மேல் முன்வார்ப்புக் காங்கிரீட் தளமிட்டுக் கட்டுவது எந்த நிபந்தனைகளின்கீழ் பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பலகை – குறுவிட்ட முறை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. நீர்த்தேவை, சுவர்ச்சுமை, கரிசல் மண்ணின் அசைவு ஆகிய மூன்றும் ஆராயப்படுகின்றன. இம்முறையின் பயன் பலகையின் வலிமையைவிடப் பலகைகளையும் சுவர்களையும் ஒன்றாக்கும் இணைப்பையே சார்ந்துள்ளது என்பது கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: முன்வார்ப்புக் காங்கிரீட், சுமைதாங்கு சுவர், பலகை – குறுவிட்ட முறை, கரிசல் மண், சுற்றுக்கட்டுப் பட்டை, திருச்சுழி

முன்னுரை

ஒரு கட்டடத்தின் தளம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. மேலே நிற்போரையும் பொருள்களையும் தாங்குவது முதல் வேலை. சுவர்கள் வெளிப்புறமாகவோ உட்புறமாகவோ சாயாமல் அவற்றைப் பிடித்து நிறுத்துவது இரண்டாவது வேலை. முதல் வேலை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. இரண்டாவது வேலை தெரிவதில்லை. கட்டடம் எழும் இடத்திலேயே பலகையடித்து, கம்பி கட்டி, ஒரே நாளில் வார்க்கப்படும் தளத்தில் இரண்டாவது வேலை பெரும்பாலும் தானாகவே நிறைவேறிவிடுகிறது. ஏனெனில் அத்தளம் சுவர்களின்மேல் படிந்து உறையும் ஒரே தகடு. முன்கூட்டியே வேறிடத்தில் வார்க்கப்பட்டுத் துண்டு துண்டாக வந்து சேரும் தளத்தில் அது தானாக நிறைவேறுவதில்லை. அதைத் திட்டமிட்டுச் செய்தாக வேண்டும்.

இக்கட்டுரையில் ‘தளம்’ என்பது காங்கிரீட் தட்டையும், ‘மாடி’ என்பது அத்தட்டின் மேலுள்ள குடியிருப்பு நிலையையும் குறிக்கும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் (2019) உயரமற்ற கட்டடத்தின் எல்லையை 18.30 மீட்டராக வகுத்தன. இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது அவ்வெல்லைக்கு மிகவும் கீழே, சுமார் 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் கட்டடம். வட்டத் தலைமையிடங்களில் வாடகைக்கு விடப்படும் சிறு அடுக்ககங்களும் பணியாளர் குடியிருப்புகளும் பொதுவாக இவ்வளவுக்குள் அடங்கும்.

சென்னைப் பெரும்பாக்கத்தில் 12 தொகுதிகளாக 1,152 வீடுகள் முன்வார்ப்பு முறையில் கட்டப்பட்டு 2022 மே 26 அன்று திறந்துவைக்கப்பட்டன. தரைமட்டத்தோடு ஐந்து மாடிகள் கொண்ட அக்கட்டடங்களில் தூண், விட்டம், தளம் ஆகியவை முன்வார்ப்பு உறுப்புகளாகக் கொண்டுவந்து பொருத்தப்பட்டன. சுமையைத் தூண்களும் விட்டங்களும் ஏற்கின்றன. சுவர் இடைவெளியை அடைக்கிறது. அத்தகைய பணிக்குப் பெரிய வார்ப்புக்களமும் பாரந்தூக்கியும் அவை சென்று வரத்தக்க சாலையும் தேவை. திருச்சுழியில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் கட்டுவோருக்கு இவை எட்டுவது அரிது. ஆகவே சுவரே சுமையைத் தாங்க, தளம் மட்டும் முன்வார்ப்பாக அமையும் எளிய முறையே இங்கு ஆராயத்தக்கது.

1. வட்டாரக் கட்டட மரபும் துண்டுத் தளமும்

துண்டுகளை அடுக்கித் தளம் அமைப்பது இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. திருச்சுழித் திருமேனிநாதர் கோயில் உள்ளிட்ட பாண்டிநாட்டுக் கற்றளிகளின் மண்டபங்களில் தூணின்மேல் போதிகை, போதிகையின்மேல் உத்திரம், உத்திரங்களுக்கு இடையே கற்பலகைகள் என்ற வரிசை அமைகிறது. கல் நீண்டால் தன் எடையாலேயே முறியும். ஆகையால் தூண்கள் நெருங்கி நிற்கின்றன. கற்களைப் பிடித்து வைப்பது அவற்றின் பெரும் எடையும் அதனால் விளையும் உராய்வும் ஆகும்.

அடுத்த நிலையில் காரை வீடுகள் வருகின்றன. சுவர்களுக்கு இடையே மர உத்திரங்களையும் அவற்றின்மேல் குறுக்குக் கட்டைகளையும் இட்டு, செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் இறுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டிக் கெட்டிப்படுத்துவர். மெட்ராஸ் டெரஸ் எனப் பொறியாளர் குறிப்பிடும் இம்முறையில் தனித்தனிச் செங்கற்களை ஒரே தட்டாக மாற்றுவது மேலே தட்டப்படும் காரைதான். துண்டுகளை இணைக்க ஓர் ஈர அடுக்கு தேவை என்பதைக் கொத்தனார்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இன்று வட்டாரமெங்கும் முன்வார்ப்புப் பொருள்கள் புழங்குகின்றன. கிணற்று உறை, சிமெண்ட் சன்னல், வேலிக்கால், பலகைகளைச் செருகி எழுப்பும் காம்பவுண்டுச் சுவர் ஆகியவற்றை வார்த்து விற்கும் சிறு களங்கள் சாலையோரங்களில் உள்ளன. தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டு செய்யும் கல் சுவர்களுக்குப் பயன்படுகிறது. விருதுநகருக்கு அருகே ஆர்.ஆர். நகரில் சிமெண்ட் ஆலை 1960களிலிருந்து இயங்குகிறது. எனவே பொருளும் கைத்திறனும் இங்கேயே கிடைக்கின்றன. ஆனால் காம்பவுண்டுச் சுவர்ப் பலகையை வார்க்கும் பழக்கத்தோடு வீட்டுத் தளப் பலகையையும் வார்த்து, சுவரின்மேல் வெறுமனே அடுக்கிவிடும் ஆபத்தும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது.

2. பலகை – குறுவிட்ட முறை

1947இல் ரூர்க்கியில் தொடங்கப்பட்ட மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், பாரந்தூக்கி இன்றி ஆட்களே தூக்கி வைக்கக்கூடிய தளமுறைகள் பலவற்றை உருவாக்கியது. அவற்றுள் பலகை – குறுவிட்ட முறை பரவலாக அறியப்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1994இல் இதன் உறுப்புகளுக்கு ஐ.எஸ். 13990 என்ற தரக்குறிப்பையும், வடிவமைப்புக்கும் கட்டுமானத்துக்கும் ஐ.எஸ். 13994 என்ற விதிநூலையும் வெளியிட்டது.

இதில் இரண்டு உறுப்புகள் உள்ளன. முதலாவது பலகை. அகலம் 300 மி.மீ., நீளம் அதிக அளவாக 1,500 மி.மீ. அதன் நடுப்பகுதி 60 மி.மீ. தடிப்பும் நீண்ட விளிம்புகள் 30 மி.மீ. தடிப்பும் கொண்டவை. எடை சுமார் 50 கிலோ, இருவர் தூக்கலாம். இரண்டாவது குறுவிட்டம். இது 150 மி.மீ. அகலமும் 150 மி.மீ. உயரமும் கொண்டது. இதன் வளையக் கம்பிகள் மேற்புறம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 3.6 மீட்டர் நீளக் குறுவிட்டம் ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ளது. கயிறும் கப்பியும் கொண்டு நான்கைந்து பேர் ஏற்றிவிடலாம்.

குறுவிட்டங்களைச் சுவர்களின்மேல் 1.5 மீட்டர் இடைவெளியில் வைத்து, அவற்றுக்குக் குறுக்கே பலகைகளை அடுக்குவர். இரு பலகைகளின் மெல்லிய விளிம்புகள் சேருமிடத்தில் ஒரு பள்ளம் உண்டாகும். அப்பள்ளத்திலும் குறுவிட்டத்தின் மேலும் கம்பியிட்டு அங்கேயே காங்கிரீட் வார்ப்பர். வெளியே நீட்டிய வளையக் கம்பிகள் இப்புதுக் காங்கிரீட்டுக்குள் புதைகின்றன. 150 மி.மீ. உயரமாக இருந்த குறுவிட்டம் இப்போது 210 மி.மீ. உயரமுள்ள ‘டி’ வடிவ விட்டமாக மாறுகிறது. ஆகவே பள்ளத்தில் இடும் காங்கிரீட்டை ஓட்டையடைப்பாகக் கருதக் கூடாது. அது தளத்தின் வலிமையில் ஒரு பகுதி. அது உறைந்து இறுகும் வரை குறுவிட்டம் தன் முழு வலிமையை அடைவதில்லை. அதுவரை அதற்கு முட்டு வேண்டும்.

நகரத் தொழிற்சாலைகளில் செய்யப்படும் உட்குழிவுத் தளப்பலகைகளோடு இதை ஒப்பிடலாம். அவை பொதுவாக 1.2 மீட்டர் அகலமுள்ளவை. 6 மீட்டர் நீளப் பலகை ஒன்றே சுமார் 2 டன் எடையிருக்கும். நீண்ட இடைவெளியைக் கடக்க அவை சிறந்தவை. ஆனால் 3 முதல் 3.6 மீட்டர் அகல அறைகளுக்கு அத்தகைய நீளம் தேவைப்படுவதில்லை. தெருக்குள் பாரந்தூக்கி நுழைய வழியில்லாத ஊரில் 50 கிலோ எடையுள்ள பலகையே ஏற்றது.

3. நீரும் முட்டும்

வானம் பார்த்த பூமியில் கட்டடப் பணியின் செலவுக்கணக்கில் தண்ணீருக்குத் தனியிடம் உண்டு. வழக்கமான தளத்தை வார்த்த மறுநாள் மேலே மண்ணாலோ கலவையாலோ பாத்தி கட்டி நீர் நிறுத்துவர். ஐ.எஸ். 456 (2000) விதிநூல், உலர்ந்த வெப்பச் சூழலில் இந்த நீராற்றுதல் குறைந்தது 10 நாட்கள் தொடர வேண்டும் என்கிறது. சாம்பல் போன்றவை கலந்த சிமெண்டுக்கு 14 நாட்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. 100 சதுர மீட்டர் தளத்தில் 5 செ.மீ. ஆழம் நீர் நிறுத்த 5,000 லிட்டர் வேண்டும். வெயிலாலும் கசிவாலும் நாளொன்றுக்கு 1 செ.மீ. குறைவதாகக் கொண்டால் தினமும் 1,000 லிட்டர் ஈடுசெய்ய வேண்டும். பத்து நாட்களில் மொத்தம் 15,000 லிட்டர் ஆகிறது. லாரித் தண்ணீரை நம்பும் கோடையில் இந்நீர் பாதியிலேயே நின்றுவிடுவதுண்டு. அதன் விளைவு பல ஆண்டுகளுக்குப் பின் கூரைக் கசிவாகவும் கம்பித் துருவாகவும் வெளிப்படும்.

முன்வார்ப்புப் பலகைகளைச் சிறு தொட்டியில் மூழ்க வைத்தோ, நிழலில் அடுக்கி ஈரச்சாக்கால் மூடியோ நீராற்றலாம். தொட்டி நீரை அடுத்தடுத்த பலகைகளுக்கும் பயன்படுத்த முடியும். 100 சதுர மீட்டர் தளத்துக்குச் சுமார் 220 பலகைகள் வேண்டும். சுவர் எழும்பிக்கொண்டிருக்கும்போதே அவற்றை வார்த்து முதிரவிடலாம். தளத்தின்மேல் பிற்பாடு வார்க்கும் இணைப்புக் காங்கிரீட்டுக்கும் பத்து நாள் ஈரம் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் அதன் அளவு குறைவு. பள்ளங்களின்மேல் ஈரச்சாக்கு விரித்தே அதைக் காக்கலாம்.

முட்டுச் செலவிலும் வேறுபாடு உண்டு. அதே விதிநூலின்படி 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை, சாதாரண சிமெண்டாயின், 7 நாட்களுக்கு முன் எடுக்கக் கூடாது. அதுவரை சென்ட்ரிங் தகடும் சவுக்கு முட்டும் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். கீழே பூச்சுவேலை நடவாது. பலகை – குறுவிட்ட முறையில் குறுவிட்டங்களுக்கு மட்டுமே முட்டு தேவைப்படுகிறது. தகடடிப்பு தளம் முழுவதற்கும் வேண்டியதில்லை.

4. சுவரின்மேல் விழும் சுமை: ஓர் எளிய கணக்கு

இருபுறமும் 3.6 மீட்டர் அகல அறைகள் கொண்ட, திறப்புகள் இல்லாத ஓர் உள்சுவரை எடுத்துக்கொள்வோம். சுவரின் தடிப்பு 230 மி.மீ.; ஒவ்வொரு நிலையின் உயரமும் 3 மீட்டர். மூன்று நிலைகள், மூன்று தளங்கள். கணக்கு எளிதாகும் பொருட்டுக் கூரைத் தளத்தையும் மற்றவை போன்றே கொள்வோம்.

120 மி.மீ. தடிப்புள்ள வழக்கமான தளத்தின் எடை சதுர மீட்டருக்கு 3.0 கிலோநியூட்டன். தரைப்பூச்சு 1.0, குடியிருப்புக்கு ஐ.எஸ். 875 வகுத்த பயன்பாட்டுச் சுமை 2.0 சேர்த்தால் 6.0 ஆகிறது. பலகை – குறுவிட்டத் தளத்தில் 60 மி.மீ. தட்டின் எடை 1.5, குறுவிட்டங்களின் பங்கு சுமார் 0.4. மற்ற இரண்டும் சேர்ந்தால் மொத்தம் 4.9. மூன்று தளங்களிலிருந்தும் சுவரின் ஒரு மீட்டர் நீளத்துக்கு வரும் சுமை முதல் முறையில் 65 கிலோநியூட்டன்; இரண்டாவது முறையில் 53. சுவரின் சொந்த எடை சுமார் 41. எனவே தரைமட்டச் சுவரின் அடியில் தகைவு முறையே 0.46, 0.41 நியூட்டன்/சதுர மி.மீ. ஆகிறது.

சுவர் எவ்வளவு தாங்கும்? சதுர மி.மீட்டருக்கு 5 நியூட்டன் நசுக்குவலிமையுள்ள கல்லை நல்ல சிமெண்ட் கலவையில் கட்டினால், ஐ.எஸ். 1905 (1987) விதிநூல் ஏற்கும் அடிப்படைத் தகைவு 0.50. சுவரின் மெலிவுக்கேற்ப இது குறைக்கப்படும். மெலிவு என்பது சுவரின் பயனுறு உயரத்துக்கும் தடிப்புக்கும் உள்ள விகிதம். காங்கிரீட் தளம் குறைந்தது 90 மி.மீ. அளவுக்குச் சுவரின்மேல் அமர்ந்து மேலும் கீழும் அதைப் பிடித்திருந்தால், பயனுறு உயரத்தை உண்மையான உயரத்தின் 0.75 மடங்காகக் கொள்ளலாம். அப்போது மெலிவு சுமார் 9.8, குறைப்புக் காரணி ஏறத்தாழ 0.89, ஏற்கத்தக்க தகைவு சுமார் 0.44. வழக்கமான தளத்தின் 0.46 இதைச் சற்றுக் கடக்கிறது. பலகைத் தளத்தின் 0.41 இதற்குள் அடங்குகிறது. தளத்தின் எடைக்குறைவு சுவருக்கு உதவுகிறது என்பது தெளிவு.

ஆனால் இந்த 0.44 தளம் சுவரைப் பிடித்திருக்கிறது என்னும் நம்பிக்கையின்மேல் நிற்கிறது. பலகைகள் வெறுமனே அமர்ந்து, உராய்வால் மட்டும் சுவரைத் தடுக்கின்றன எனக் கொண்டால் பயனுறு உயரம் முழு 3 மீட்டராகிறது. மெலிவு 13; காரணி சுமார் 0.81, ஏற்கத்தக்க தகைவு 0.405. உண்மைத் தகைவான 0.41 இதை எட்டித் தாண்டிவிடுகிறது. சுவரின் மேல்முனையைத் தளம் சற்றும் பிடிக்கவில்லை எனக் கொண்டால் பயனுறு உயரம் ஒன்றரை மடங்காகும். மெலிவு 19.6, காரணி 0.63, ஏற்கத்தக்க தகைவு 0.32க்கும் கீழே இறங்குகிறது. கல், கலவை, பலகை ஆகிய மூன்றும் மாறவில்லை. இணைப்பு மட்டுமே மாறியது. அதனால் பாதுகாப்பான சுவர் பாதுகாப்பற்றதாகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வழக்கமான தளம் தன் சுமையைச் சுவர் நெடுகப் பரப்புகிறது. குறுவிட்டமோ 1.5 மீட்டருக்கு ஒரு புள்ளியில் இறக்குகிறது. மேற்கண்ட அளவுகளின்படி ஒவ்வொரு குறுவிட்ட முனையிலும் சுமார் 13 கிலோநியூட்டன் இறங்கும். 150 × 90 மி.மீ. பரப்பில் அது 0.98 நியூட்டன்/சதுர மி.மீ. அழுத்தமாகிறது. கல்சுவரின் அடிப்படைத் தகைவைப்போல இது ஏறத்தாழ இரு மடங்கு. எனவே குறுவிட்டத்தைச் செங்கல்லின்மேல் நேரடியாக வைத்தல் கூடாது. சுவர் நெடுக ஓடும் கம்பியிட்ட காங்கிரீட் பட்டை ஒன்று அடியில் இருந்து சுமையைப் பரப்ப வேண்டும்.

5. இணைப்பற்ற தளங்கள் தந்த பாடம்

கல் அல்லது செங்கல் சுவரின்மேல் முன்வார்ப்புப் பலகை என்ற அமைப்பு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோவியத் நாடுகளிலும் சீனாவிலும் பெருமளவில் கையாளப்பட்டது. குறைந்த காலத்தில் பலருக்கு வீடு தர அது உதவியது. இணைப்பில் நேர்ந்த குறை பின்னர் வெளிப்பட்டது.

1976 ஜூலை 28 அன்று சீனாவின் தாங்ஷான் நகரை நிலநடுக்கம் தாக்கியது. அரசுக் கணக்கின்படியே 2,42,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்நகரின் பல மாடி வீடுகள் கம்பியில்லாத செங்கல் சுவர்களின்மேல் உட்குழிவுப் பலகைகள் அடுக்கப்பட்டவை. சுவர் விலகியதும் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அதன்பின் வந்த 1978ஆம் ஆண்டு விதிநூலில், ஒவ்வொரு தள மட்டத்திலும் சுற்றுக்கட்டுப் பட்டையும், சுவர் மூலைகளிலும் சந்திப்புகளிலும் சிறு காங்கிரீட் கட்டுத்தூண்களும் இடம்பெற்றன.

1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவின் ஸ்பிதாக் நிலநடுக்கத்தில் சுமார் 25,000 பேர் உயிரிழந்தனர். லெனினாகன் நகரில் (இன்றைய கியும்ரி) விழுந்தவற்றுள் கற்சுவரின்மேல் உட்குழிவுப் பலகையிட்ட நான்கைந்து மாடிக் கட்டடங்களும் இருந்தன. பலகைகள் சுவரோடும் தமக்குள்ளும் போதிய அளவு பிணைக்கப்படாமை ஆய்வுகளில் சுட்டப்பட்டது. 2001 ஜனவரி 26 அன்று நிகழ்ந்த குஜராத் நிலநடுக்கத்தில் முன்வார்ப்புப் பலகைகளால் கூரையிட்ட பள்ளிக் கட்டடங்கள் பல இடிந்தன. அங்கும் இதே குறை பேசப்பட்டது.

நிலநடுக்கம் இன்றியும் இப்பாடம் கிடைத்துள்ளது. இலண்டனில் 1968 மே 16 அன்று ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் எரிவாயு வெடித்து ஒரு சுவர்ப்பலகை வெளியே தள்ளப்பட்டது. அதன்மேல் நின்றவை மூலை முழுவதும் சரிந்தன, நால்வர் இறந்தனர். அது முழுவதும் முன்வார்ப்புப் பலகைக் கட்டடம். நமது எடுத்துக்காட்டினும் மிக உயரமானது. எனினும் ஓர் உறுப்பு போனால் மற்றவை தாங்கிக்கொள்ளும் பிணைப்பு வேண்டும் என்ற கருத்து, சமையல் எரிவாயு உருளை உள்ள ஒவ்வோர் அடுக்ககத்துக்கும் பொருந்தும்.

விருதுநகர் மாவட்டம் ஐ.எஸ். 1893 (2016) வரைபடத்தில் குறைந்த நிலநடுக்க வாய்ப்புள்ள இரண்டாம் மண்டலத்தில் இருக்கிறது. ஆகவே தாங்ஷானின் நிலையை அப்படியே இங்குப் பொருத்துவது மிகையாகும். ஆயினும் திருச்சுழி நிலத்துக்கென்று ஓர் அசைவு உண்டு.

6. கரிசல் மண்ணின் அசைவு

கரிசல் மண் மழையில் ஊதும். கோடையில் சுருங்கி வெடிக்கும். கால் நுழையும் அளவுக்குப் பிளவுகள் தோன்றுவதை இவ்வட்டார உழவர் அறிவர். வடகிழக்குப் பருவமழையும் அதைத் தொடரும் நீண்ட கோடையும் ஆண்டுதோறும் இச்சுழற்சியை நடத்துகின்றன. கட்டடத்தின் நடுப்பகுதி மண் வெயிலும் மழையும் படாமல் ஓரளவு ஒரே ஈரத்தில் இருக்கிறது. வெளிச்சுவர்களின் அடிமண் மாறிக்கொண்டே இருக்கிறது. எனவே வெளிச்சுவர் உள்சுவரைவிட மிகுதியாக ஏறி இறங்கும்; சில வேளைகளில் வெளிப்புறமாகச் சாயும்.

ஒரே தகடான தளம் இத்தகைய சாய்வை இழுத்துப் பிடிக்கும். விரிசல் சுவரில் தோன்றினாலும் தளம் தன் இருக்கையை விட்டு நகராது. இணைப்பற்ற பலகைகளின் நிலை வேறு. வெளிச்சுவர் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வெளியே சென்றால், பலகை முனையின் 90 மி.மீ. இருக்கை படிப்படியாகக் குறையும். சுமை சுவரின் உள்விளிம்புக்குத் தள்ளப்படும். விளிம்புக் கல் நொறுங்கும். நிலநடுக்கம் நொடிகளில் செய்வதைக் கரிசல் மண் பல பருவங்களில் மெல்லச் செய்யக்கூடும்.

ஆகவே தளத்தைப் பற்றிய முடிவு அடித்தளத்திலிருந்தே தொடங்குகிறது. இதற்கும் ரூர்க்கி நிறுவனமே ஒரு வழி கண்டது. நிலத்தில் துளையிட்டு, அடியில் குமிழ்போல விரித்து வார்க்கும் குமிழ்முனைக் கம்பங்கள் கட்டடத்தின் எடையைச் சுமார் 3.5 மீட்டர் ஆழத்துக்குக் கீழே, ஈரம் அதிகம் மாறாத அடுக்குக்குக் கொண்டுசெல்கின்றன. ஐ.எஸ். 2911இன் மூன்றாம் பகுதி (1980) இதற்குரியது. கம்பத் தலைகளை இணைக்கும் தரைவிட்டத்தின்மேல் சுவர் எழும்பும். வழக்கமான கடைக்கால் மீதே கட்டினால், அது அசையும் அடுக்கைத் தாண்டி இறங்க வேண்டும். சுவரைச் சுற்றி மழைநீர் தேங்காதபடி அகலமான சாய்தளமும் வேண்டும்.

7. செயல்முறையில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, தளத்தின் அடியில் எல்லாச் சுமைதாங்கு சுவர்களிலும் இடைவிடாமல் ஓடும் காங்கிரீட் பட்டை வேண்டும். மூலைகளிலும் சுவர்ச் சந்திப்புகளிலும் அதன் கம்பிகள் திரும்பி ஒன்றோடொன்று பிணைய வேண்டும்.

இரண்டாவது, 230 மி.மீ. உள்சுவரின்மேல் இருபுறத்துக் குறுவிட்டங்களும் தலா 90 மி.மீ. அமர்ந்தால் நடுவில் 50 மி.மீ. இடைவெளி எஞ்சும். அவ்விடைவெளியே இணைப்பின் இதயம். குறுவிட்ட முனைகளிலிருந்து நீளும் கம்பிகள் அதைக் கடந்து மறுபுறம் செல்ல, பட்டையிலிருந்து எழும் செங்குத்துக் கம்பிகள் அதற்குள் நிற்க, சிறு ஜல்லிக் காங்கிரீட்டால் அதை நிறைக்க வேண்டும். கல் துண்டுகளாலும் கலவையாலும் அடைக்கும் வழக்கம் இங்கு உதவாது.

மூன்றாவது, குறுவிட்டங்களுக்கு இணையாக ஓடும் சுவரைத் தளம் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். சுமை வராததால் அச்சுவர் மறக்கப்படுகிறது. பலகைப் பள்ளங்களில் இடும் கம்பிகளை அச்சுவரின் பட்டைக்குள் வளைத்துப் புதைத்தால்தான் அதுவும் பிடிக்கப்படும்.

நான்காவது, பலகையின் மேற்பரப்பும் பள்ளங்களும் தூசியின்றிக் கழுவப்பட்டு ஈரமாக இருக்க வேண்டும். உலர்ந்த பலகை புதுக் காங்கிரீட்டின் நீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு உண்டாகாது. வெயில் தாழ்ந்த பின் வார்ப்பது நன்று.

ஐந்தாவது, எல்லா இடத்துக்கும் பலகை ஏற்றதன்று. தாழ்த்தி அமைக்கும் குளியலறைத் தளம், சுவருக்கு வெளியே நீளும் பால்கனி, படிக்கட்டு ஆகியவற்றை அங்கேயே வார்ப்பது முறை. குழாய்க்கெனப் பலகையைப் பிற்பாடு உளியால் உடைத்தல் கூடாது. மின்விசிறிக் கொக்கியைப் பள்ளத்துக் காங்கிரீட்டில் முன்னரே புதைக்க வேண்டும். 60 மி.மீ. கூரை வெயிலை விரைவில் உள்ளே விடும். ஆதலால் மேல்மாடியில் செங்கல் ஜல்லி – சுண்ணாம்பு அடுக்கும் தட்டோடும் தவிர்க்க இயலாதவை.

இந்த ஐந்தும் பூச்சுக்குப்பின் கண்ணுக்குத் தெரியாதவை. வீடு வாங்குவோரோ வாடகைக்கு வருவோரோ பார்த்து அறிய முடியாதவை. விதிநூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைக் கையால் நிறைவேற்றும் கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் தமிழில் தொழில் கற்றவர்கள். வரைபடத்தில் ‘இணைப்பு விதிநூற்படி’ என எழுதுவது அவர்களுக்கு எதையும் சொல்லாது. ஒவ்வோர் இணைப்பையும் தனிப்படமாக வரைந்து, கம்பியின் அளவையும் நீளத்தையும் தமிழில் குறித்துத் தருவதும், காங்கிரீட் இடுவதற்கு முன் கம்பி அமைப்பைப் படமெடுத்து ஆவணப்படுத்துவதும் செலவு குறைந்த பாதுகாப்பாகும்.

முடிவுரை

திருச்சுழி வட்டாரத்தின் தாழ்மாடிக் குடியிருப்புகளுக்குப் பலகை – குறுவிட்ட முறை பொருந்தும். அது எடையைக் குறைக்கிறது, நீரை மிச்சப்படுத்துகிறது, உள்ளூர் வார்ப்புக் களங்களுக்கும் ஆட்களுக்கும் வேலை தருகிறது. மேற்கண்ட கணக்கில் வழக்கமான தளத்தைச் சற்றே தாங்க இயலாத கல்சுவர் இத்தளத்தைத் தாங்கியது. ஆனால் அதே சுவர், தளத்தோடு பிணைக்கப்படாதபோது அத்தகுதியை இழந்தது. சுவருக்குக் கிடைத்த 12 கிலோநியூட்டன் எடைக்குறைவைவிட இணைப்பின்மையால் வரும் இழப்பு பெரிது.

எனவே இம்முறையின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. பலகையை வாங்கி, பட்டையையும் பள்ளக் கம்பியையும் விட்டுவிடும் கட்டடத்தைவிட வழக்கமான ஒற்றைத் தளமே பாதுகாப்பானது. அடித்தளம், தளத்தடிப் பட்டை, முனையிணைப்பு, பள்ளக் காங்கிரீட் ஆகிய நான்கும் உறுதியாகும் இடத்தில் மட்டுமே முன்வார்ப்புத் தளத்தைப் பரிந்துரைக்கலாம். காரை வீட்டின் செங்கற்களை மேலே தட்டிய சுண்ணாம்பு ஒன்றாக்கியது. இன்றைய பலகைகளை ஒன்றாக்குவது கம்பியும் பள்ளத்துக் காங்கிரீட்டும். அவ்வேலை பத்து நாள் ஈரத்தோடு முறையாக முடிந்த பிறகே அதைத் தளம் என்று அழைக்கலாம்.